ஆமெனுக்கு இரண்டு சொட்டு

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நவமணி விளக்கைப் போட்டபோது ஆமை தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. கண் இரண்டும் மூடியிருந்தன. முந்தின நாள் போட்ட ஆறு காய்ந்த இறாலும் தொட்டியின் மூலையில் ஊறிக் கிடந்தன. கண்ணாடியை விரலால் தட்டினாள். ஆமை கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, காற்றை விழுங்குவதுபோல் ஒரு முறை மூடியது. மூக்கு நுனியில் ஒரு சிறிய குமிழி வந்து உடைந்தது.

நவமணி பயந்துபோய்த் தொட்டியின் முன்னே குந்தினாள்.

அவளுடைய ஆமையாக இருந்திருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது. அவள் இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. ஆமை வந்து பத்து வருடம். அவள் கணவன் லியோனார்டின் முதல் மனைவி ஜோசபின் கோலா கெத்தில் இரவுச் சந்தையில் அதைக் குட்டியாக வாங்கி வந்தபோது மகள் அமண்டாவுக்கு மூன்று வயது. செபத்தின் முடிவில் ‘ஆமென்’ சொல்லப் பழகியிருந்த குழந்தைக்கு ‘ஆமை’ என்று வாயில் வரவில்லை. ஆமையைப் பார்த்ததும் கைகூப்பி ‘ஆமென்’ என்றது. அதுவே பெயராகிவிட்டது. ஜோசபின் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் துணிமணியெல்லாம் கோயிலுக்குக் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது சுவரில் ஒரு படமும், தொட்டியில் இந்த ஆமெனும்.

பதின்மூன்று வயது அமண்டா நவமணியிடம் மரியாதைக் குறைவாக ஒருநாளும் பேசியதில்லை. பேசியதே இல்லை என்றும் சொல்லலாம். “சாப்பிட்டேன் ஆன்டி”, “போய்ட்டு வரேன் ஆன்டி”, அத்தோடு முடிந்தது. புதன்கிழமை அவள் வலைப்பந்துக் குழுவோடு அலோர் ஸ்டாருக்குப் போனாள். சனிக்கிழமை திரும்புவாள். லியோனார்ட் லாரியோடு ஜொகூர்ப் பக்கம் போயிருந்தான். வேறு வழியில்லாமல்தான் ஆமையை நவமணியிடம் விட்டுப் போனாள். தொட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘காலைல இறால் 6. தண்ணி வெள்ளிக்கிழமை மாத்தணும். சாப்பிடலன்னா விட்டுடுங்க. தேங்க்ஸ் ஆன்டி.’ ஏழு மாதத்தில் அந்தப் பெண் அவளிடம் கேட்ட முதல் உதவி அது. அவள் சொன்னதிலேயே நீளமானதும் அதுதான்.

நவமணி தண்ணீரை மாற்ற வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. புதன்கிழமையே மாற்றிவிட்டாள். வாடை அடித்தது, மேலும், சொன்னதைவிடக் கூடுதலாகச் செய்து நல்ல பெயர் வாங்கலாம் என்று ஓர் ஆசை. வெளியில் மழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினாள். குளிர்ந்த தண்ணீர். கையை விட்டபோது அவளுக்கே சிலிர்த்தது. அப்போது யோசிக்காத மனது இப்போது அதையே பிடித்துக்கொண்டது. நல்ல பெயர் வாங்கப் போய் ஆமையைக் கொன்றுவிட்டோமா என்று நினைத்தாள்.

லியோனார்டுக்குப் போன் போட்டாள்.

“என்னாங்க, ஆமை ஒரு மாதிரியா இருக்கு. சாஞ்சு மெதக்குது. கண்ணையே தொறக்க மாட்டேங்குது.”

“ஆமைதானே லா. தூங்கும்.”

“வாயால மூச்சு விடுதுங்க.”

மறுமுனையில் லாரி இன்ஜின் சத்தம் நின்றது. “அமண்டாகிட்ட இப்ப சொல்லாத. நாளைக்கு அவளுக்கு மேட்ச்” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “மணி, அதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது” என்றான். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அவள் வேலை செய்வது கையுறைத் தொழிற்சாலையில். அவசர விடுப்பு வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொல்லச் சொல்லிக் கூட வேலை செய்யும் காஞ்சனாவை அழைத்தாள். காஞ்சனா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? போற வழில வாய்க்கால்ல விட்டுட்டு வேலைக்கு வா லா” என்றாள்.

நவமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பழமொழி சொல்கிறவர்களுக்கு என்ன, வாடகையா வரியா. அந்த வீட்டுக்குள் கடைசியாகப் புகுந்தது ஆமை அல்ல, அவள். காஞ்சனாவுக்குப் பதில் சொல்லாமல் போனை வைத்தாள்.

பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஈரத் துண்டை விரித்து ஆமெனைத் தூக்கி வைத்தாள். அதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது, எதிர்பார்த்ததைவிடக் கனம். மூடியில் கத்தியால் ஓட்டை போட்டு, மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்துக் கயிற்றால் கட்டி, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சுங்கை பட்டாணிக்குக் கிளம்பினாள். மேடு பள்ளம் வந்த இடத்திலெல்லாம் ஒரு கையால் டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான். அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மிருக வைத்தியரின் கிளினிக்கில் நாற்காலிகள் எல்லாம் பூனைகள். கூண்டில் பூனை, துணிப்பையில் பூனை, மடியில் பூனை. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் தலை நிமிராமல், “நாமா?” என்று பெயர் கேட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளியின் பெயரைத்தானே கேட்பார்கள்? நவமணி, “ஆமென்” என்றாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். கேட்டது சொந்தக்காரரின் பெயர் என்பது நவமணிக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது ‘அமின்’ என்பதும் தெரியாது.

முக்கால் மணி நேரம் கழித்து, “அமின்!” என்று கூப்பிட்டார்கள். நவமணி எழுந்தாள். பக்கத்து நாற்காலியில் சாம்பல் நிறப் பூனையோடு இருந்த பெரியவரும் எழுந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என் பெயர்தான் அமின்” என்றார் அவர் மலாயில்.

“இதன் பெயரும் அதுதான்” என்று நவமணி டப்பாவைக் காட்டினாள்.

அவர் மூடி ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “உனக்குத்தான் அவசரம் போலிருக்கிறது, நீ முதலில் போ, கக்கா” என்று, மலாயில் அக்கா என்று அழைத்து, வழிவிட்டார். பாடாங் மேஹா சந்திப்பில் லக்சா நூடுல்ஸ் கடை வைத்திருப்பதாகவும், ஆமை குணமானதும் வந்து சாப்பிட வேண்டும் என்றும், வெள்ளிக்கிழமை மட்டும் கடை இல்லை என்றும் அதற்குள் சொல்லிவிட்டார். நவமணிக்கு அப்போது லக்சாவைப் பற்றிக் கேட்கும் நிலை இல்லை.

டாக்டர் இளவயதுச் சீனப் பெண். ஆமெனைத் தூக்கி, திருப்பி, காதருகே வைத்து மூச்சைக் கேட்டார். நுரையீரலில் சளி பிடித்திருக்கிறது, அதனால்தான் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றார். கண் வீங்கியிருப்பது சத்துக் குறைவால். வெறும் இறால் போட்டு வளர்த்தால் இப்படித்தான் ஆகும். வெயிலும் போதவில்லை. ஓர் ஊசி போட்டார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஊசி. அதுவரை ஆழமான தண்ணீரில் விடக் கூடாது, சோர்ந்து மூழ்கிவிடும். கதகதப்பாக வைக்க வேண்டும், மேலே விளக்குத் தொங்கவிட வேண்டும். சொட்டு மருந்து காலையும் மாலையும். சொல்லிக்கொண்டே பேனா முனையால் ஆமெனின் தலைப் பக்கவாட்டைச் சுட்டினார். அவர் மலாயும் இங்கிலீஷுமாக வேகமாகப் பேசினார். நவமணி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“டாக்டர், நேற்று நான் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். அதனாலா?”

“ஒரு நாளில் இப்படி ஆகாது. இது இரண்டு மூன்று வாரமாக இருக்கிற நோய். சாப்பிடாமல் இருந்திருக்குமே, வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா?”

கொலைப் பழி இறங்கியதில் நவமணிக்குக் கால் தரையில் பட்டது போல் இருந்தது. கேள்வியின் பின்பாதியை அவள் அப்போது சரியாகக் கேட்கவில்லை. கவுண்டரில் மருந்துப் பையை வாங்கிக்கொண்டு, மழை விட்ட நேரம் பார்த்து வீட்டுக்குத் திரும்பினாள்.

மாலையில் தொட்டியைக் காலி செய்து, பெரிய துணி துவைக்கும் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரை ஓட்டின் பாதி அளவுக்கு ஊற்றி, மேசை விளக்கைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். பிறகு மருந்து. குப்பியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். ‘அமின். 2 சொட்டு. காது, இடது வலது.’ மலாயில் தெளிவாக எழுதியிருந்தது.

ஆமைக்குக் காது எங்கே இருக்கிறது? அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சின்னத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். காது என்று சொல்ல ஒரு துவாரம்கூட இல்லை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை ஒன்று இருந்தது. அதன் கீழே வட்டமாகக் கொஞ்சம் தோல் வித்தியாசமாகத் தெரிந்தது. டாக்டர் பேனாவால் காட்டியதும் ஏறக்குறைய அந்த இடம்தான். சரி, இதுதான் காதாக இருக்கும் என்று முடிவு செய்து, இடது பக்கம் இரண்டு சொட்டு, வலது பக்கம் இரண்டு சொட்டு விட்டாள். ஆமென் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நல்லபடியாக ஒரு வேலை முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் அமண்டா வந்தாள். ஆசிரியை அவர்களுக்குக் கால் மணி நேரம்தான் போனைக் கொடுப்பார்.

‘ஆன்டி, ஆமென் சாப்பிட்டுச்சா?’

நவமணி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில், ‘நல்லா இருக்கு மா. நீ நல்லா விளையாடு’ என்று அனுப்பினாள். நீல நிற இரட்டைக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. அனுப்பியதைத் திரும்பப் படிக்க அவளுக்குக் கூசியது.

வெள்ளிக்கிழமை காலை ஆமென் முந்தின நாளைவிடச் சோர்ந்து கிடந்தது. முன்னங்கால் இரண்டும் வெளியே நீண்டு கிடந்தன. நவமணி சீக்கிரமாக மருந்தைக் கொடுத்துவிடலாம் என்று ஈரக்கையோடு குப்பியை எடுத்தாள். சீட்டு நனைந்து ஓரத்தில் உரிந்தது. அதன் அடியில் ஒரு படம். ஒரு நாய், ஒரு பூனை. அவற்றின் கீழே சின்ன எழுத்தில் ‘நாய், பூனைகளுக்கு மட்டும்’ என்று இருந்தது.

கொஞ்ச நேரம் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. அமின், காது, சாம்பல் நிறப் பூனை. டாக்டர் பேனாவால் காட்டியது காதை அல்ல, கண்ணை. வீங்கியிருப்பது கண்தானே! கண் வீங்கிய பிராணிக்கு யாராவது காதில் மருந்து விடுவார்களா? ஒரு பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும்.

மருந்தின் பெயரைப் போனில் தேடினாள். தேடாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாவது மிஞ்சியிருக்கும். பூனைக் காதுப் பூச்சிக்கு நல்ல மருந்து; ஆமைக்கு விஷம் என்று போட்டிருந்தது. கால்கள் துவளும், பிறகு மூச்சு நிற்கும். கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. கிளினிக்குக்கு அழைத்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். ‘நாங்கள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் திறப்போம்’ என்று உடனே பதில் வந்தது. இயந்திரம் அனுப்பிய பதில்.

வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஆமெனின் தலையையும் கழுத்தையும் துடைத்தாள். ஒரு முறை, இரண்டு முறை, நான்கு முறை. வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. பட்ட காலிலே படும் என்பது சரிதான். இந்தச் சின்ன உயிருக்குச் சளி போதாது என்று அவள் வேறு வந்து வாய்த்தாள். சுவரில் இருந்த ஜோசபினின் படத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே பார்க்கவில்லை.

அவளுடைய மருந்து அந்தப் பெரியவரிடம்தான் இருக்க வேண்டும். பாடாங் மேஹா, லக்சா கடை. மணி பதினொன்றே கால். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்விட்டால் இரண்டு மணிக்குமேல்தான் பிடிக்க முடியும். விளக்கைச் சரிபார்த்துவிட்டு மோட்டாரை எடுத்தாள்.

ஈரச் சாலை. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், பிறகு ரப்பர், மறுபடியும் செம்பனை. எண்பதில் போனாள். வழக்கமாக அவள் ஐம்பதைத் தாண்டமாட்டாள். சந்திப்பில் கடை மூடிக் கிடந்தது. நாற்காலிகளைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். எதிரில் டயர்க் கடை வாசலில் இருந்த தமிழரிடம் ஓடினாள்.

“அண்ணே, இந்த லக்சா கடை அமின் வீடு எங்கண்ணே?”

“என்னா அவசரம்? இன்னைக்கு லக்சா இல்ல லா.”

“லக்சா வேணாண்ணே. மருந்து மாறிப் போச்சு.”

அவர் முகம் மாறியது. மனிதருக்கு மருந்து மாறியதாக நினைத்துக்கொண்டார் போலும். “பின்னாடி ரெண்டாவது வீடு. பச்சை கேட்டு. ஓடு” என்றார். நவமணி திருத்தவில்லை.

பெரியவர் தொப்பியும் சாரோங்குமாக வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் புறங்கை முழுக்க நகக்கீறல். நவமணியைப் பார்த்ததும், அவள் கையில் இருந்த குப்பியைப் பார்த்ததும், நேராக உள்ளே போய் இன்னொரு குப்பியை எடுத்து வந்தார். ‘அமின். 2 சொட்டு. கண்.’

“நானும் யோசித்தேன், கக்கா. பூனைக்குக் காது வலி, மருந்து கண்ணுக்கு. டாக்டருக்குத் தெரியாததா என்று விட்டேன். பார், என்ன செய்துவிட்டது” என்று கையைக் காட்டினார். அவர் சிரிக்க ஆரம்பித்தவர், நவமணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“நான் இதை ஆமைக்கு விட்டுவிட்டேன்” என்றாள் அவள். “இது ஆமைக்கு விஷமாம். ஆமை என்னுடையது அல்ல. என் மகளுடையது.”

மலாயில் ‘என் மகள்’ என்று சொல்வது எவ்வளவு எளிதாக இருந்தது. தமிழில் அவள் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அமினுடைய பூனை பல வருட நோயாளி. அதனால் டாக்டரின் சொந்தப் போன் எண் அவரிடம் இருந்தது. தொழுகைக்கு அழைக்கும் ஓசை பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருக்கும்போதே அவர் அழைத்துப் பேசி, போனை நவமணியிடம் நீட்டினார்.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை சொட்டு? நான்கு. ஒரு தடவையா? ஒரு தடவை. வாய்க்குள் போனதா? இல்லை, தோலில். கழுவினீர்களா? இன்றுதான். டாக்டர் ஆமையின் எடையை வைத்துக் கணக்குப் போட்டார். அந்த ஒரு கணம் நவமணிக்கு ஒரு ஷிப்ட் அளவு நீண்டது.

“ஊசியாகவோ வாய் வழியாகவோ போயிருந்தால் பெரிய ஆபத்து. தோலில் நான்கு சொட்டு என்றால் தப்ப வாய்ப்பு உண்டு. உறுதி சொல்ல மாட்டேன். மணிக்கு ஒரு முறை பின்னங்காலை மெதுவாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது காலைத் திரும்ப இழுத்துக்கொண்டால் நல்லது. இழுக்காமல் தொங்கவிட்டால் எந்த நேரமானாலும் இந்த எண்ணுக்கு அழையுங்கள். மருந்து மாறியது எங்கள் தவறும்தான். இரண்டு அமின் இருப்பதை நாங்கள் பார்த்திருக்க வேண்டும்.”

அமின் அவளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். அவள் நின்றுகொண்டே குடித்தாள். அவருக்குத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. அவளுக்கும் நேரமாகிவிட்டது.

அன்று பிற்பகல் ஒன்றரை மணியிலிருந்து நவமணிக்கு வேறு வேலை இல்லை. பேசின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டாள். இந்தத் தடவை சீட்டை மூன்று முறை படித்தாள். பிறகு பின்னங்கால். இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தாள். ஆமென் காலைத் திரும்ப இழுத்தது. மெதுவாக, வேண்டாவெறுப்பாக, ஆனால் இழுத்தது. இரண்டரை மணிக்கும் இழுத்தது. மூன்றரைக்கு இழுக்கவில்லை. அவள் எழுந்து போனை எடுப்பதற்குள் இழுத்தது. அந்தச் சோம்பேறியை நாலு திட்டுத் திட்டினாள். திட்டும்போது கண்ணில் நீர் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் துடைக்கவும் இல்லை.

எட்டு மணிக்கு அமண்டாவின் செய்தி வந்தது. ‘ஆன்டி, நாங்க செமி ஃபைனல். ஆமென் எப்படி இருக்கு?’

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். நவமணி போனை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். ‘வாழ்த்துக்கள் மா. வந்ததும் பேசலாம்’ என்று மட்டும் எழுதினாள். பொய் சொல்லவில்லை என்ற திருப்தி அவளுக்கு அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளி வேன் வாசலில் வந்து நின்றது. அமண்டா தோளில் பையோடு நேராகத் தொட்டி இருந்த மூலைக்குப் போனாள். தொட்டி காலி. நவமணி அவள் பின்னாலேயே போய், “இங்க இருக்கு. உசுரோட இருக்கு” என்றாள். இரண்டு நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வசனம் எதுவும் அது அல்ல.

அமண்டா பேசின் பக்கத்தில் மண்டியிட்டாள். மேலே மேசை விளக்கு, பக்கத்தில் நாற்காலி, நாற்காலியின் மேல் தலையணை, தரையில் காப்பிக் கோப்பை, மணி போட்டு ‘இழுத்தது’, ‘இழுத்தது’ என்று வரிசையாக எழுதிய தாள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நவமணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது, டாக்டர், ஊசி, மருந்து மாறியது, விஷம், நாலு சொட்டு, போனில் சொன்ன பொய். மூச்சு வாங்க நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று ஒரேயடியாகச் சொல்லி முடித்தாள்.

“நான்தான் மா தப்பா மருந்து விட்டேன். வேற யாரும் இல்ல.”

அமண்டா ஆமெனின் ஓட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். கோபத்தை எதிர்பார்த்து நவமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு முன்னாடியே தெரியும் ஆன்டி.”

“என்னா தெரியும்?”

“அது சாப்பிடல. ரெண்டு வாரமா. போட்ட இறாலெல்லாம் நான்தான் எடுத்து டாய்லெட்ல போட்டேன்.”

வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டது இப்போதுதான் நவமணிக்கு முழுதாகக் காதில் விழுந்தது. “ஏன் மா சொல்லல?” என்று கேட்டாள்.

“சொன்னா… செத்துரும், வெளிய கொண்டுபோய் விட்டுரலாம்னு நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்.” நிமிராமலே சொன்னாள். “அம்மாவுதுன்னு.”

அடித்திருந்தால்கூட நவமணிக்கு இவ்வளவு வலித்திருக்காது. இரண்டு வாரம் அந்தப் பெண் தனியாக இந்தப் பயத்தைச் சுமந்திருக்கிறாள். பயந்தது நோயைப் பார்த்து மட்டும் அல்ல, அவளைப் பார்த்தும்தான். நவமணி தரையில் உட்கார்ந்தாள்.

“நானும் உங்கிட்ட சொல்லலதானே” என்றாள். “நீ என்னைய வெறுத்துருவேன்னு பயம்.”

அமண்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “காலை எப்படி இழுக்கணும்?” என்று கேட்டாள். நவமணி காட்டினாள். அமண்டா இழுத்தாள். ஆமென் வெடுக்கென்று பறித்துக்கொண்டது, இரண்டு நாளில் இல்லாத வேகத்தில். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழைத்துவிட்டது என்று சொல்ல இருவருக்கும் துணிவில்லை. நுரையீரல் சளி அப்படியே இருந்தது. இறாலையும் அது இன்னும் தொடவில்லை.

“நாளைக்கு ஊசிக்கு நானும் வரேன்.”

“நாளைக்கு ஞாயித்துக்கெழமை. ஸ்கூல் இருக்கே.”

அமண்டா எழுந்து போய்ப் பள்ளிக் கையேட்டைக் கொண்டுவந்தாள். அதில் விடுப்புக்கு அச்சடித்த படிவங்கள் இருந்தன. இதுவரை எல்லாவற்றிலும் லியோனார்ட் கையெழுத்துத்தான். அவன் வந்துசேர இரவாகும் என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் அமண்டா பேனாவை நவமணியிடம் நீட்டினாள்.

“காரணம் என்னான்னு போட? காய்ச்சல்னு போடவா?”

“பொய் வேணாம் ஆன்டி. வீட்டுல ஒருத்தவங்களுக்குச் சுகமில்லன்னு போடுங்க.”

நவமணி அப்படியே மலாயில் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே ‘தாய் / தந்தை / பாதுகாவலர்’ என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், பொருந்தாததை அடித்துவிடவும் என்று இருந்தது. அவள் ‘தந்தை’ மேல் ஒரு கோடு போட்டாள். அடுத்து எதை அடிப்பது என்று தெரிந்தும் கை ஓடவில்லை. ‘தாய்’ என்ற சொல்லின் மேல் பேனாவைக் கொண்டுபோனாள்.

அமண்டா பேனாவைப் பிடித்துக்கொண்டாள். கையேட்டை மூடி எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“போதும் ஆன்டி. மிச்சம் ரெண்டும் இருக்கட்டும்.”